கள்ளியிடம் ஒரு சாட்சி

குளம் அழிந்த கதை என்றால் கடைசியில் அம்மன் வந்து ஆக்கிரமித்தவனை அடித்துப் போடுவாள். இப்படிப்பட்ட கதைகள் எனக்கு அலுத்துவிட்டன. எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்து இசக்கியம்மன் கதைக்கு அதைவிடக் கூர்மை அதிகம்.

பஞ்சவன்காட்டில் நகைக்கு ஆசைப்பட்டு, தூங்குகிறவளின் தலையில் கல்லைப் போடுகிறான் ஒருவன். சாகும்போது அவள் பக்கத்தில் நிற்கும் கள்ளியைச் சாட்சி வைக்கிறாள். கள்ளி அப்போது ஒன்றும் சொல்வதில்லை. மறுபிறவியில் நீலியாக வந்த அவள்தான் இசக்கி. கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி, இடுப்பில் தூக்கிக்கொண்டு அவனைத் துரத்துகிறாள். ஊரார் முன்னால் பிள்ளை அவனை "அப்பா" என்கிறது. கோயில் கொடை விழாவின் வில்லுப்பாட்டில் இந்த இடம் வரும்போது புலவர் வில்லைத் தட்டும் வீசுகோலை நிறுத்திவிடுவார். உடுக்கை மட்டும் பேசும். தூங்கி விழும் கிழவிகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

நான் எழுதும் கதையில் ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் ஒரு குளம். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகளுக்கு 2022இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநில அங்கீகாரம் கிடைத்தது; என் குளத்துக்குக் கரையில் நின்ற கள்ளி வேலிதான் காவல். செம்மண் அடித்து மனைக்கல் நட்ட அன்றே பொக்லைன் அந்த வேலியையும் வாரிவிட்டது. சாட்சியே போன பிறகு கதை எப்படி நகரும்?

வில்லுப்பாட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்: "கள்ளி செத்துவிட்டால் யார் சாட்சி, பாட்டா?"

வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "கள்ளி எங்கே மக்களே சாகும்? ஒடித்துப் போட்ட இடத்தில் வேர் பிடிக்குமே. லாரிக்காரன் அதை எங்கே கொண்டு தட்டினான், அதைப் பாரு."

இப்போது கதையின் பின்பாதி, இசக்கியம்மன் கோயில் இருக்கும் முப்பந்தலில் நடக்கிறது. காற்றாலைக்கு அடியில் தட்டிய குப்பையில் கள்ளி துளிர்த்திருக்கிறது. ஆடிக் காற்றில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடு மேய்ப்பவள் ஒருத்தி வேலிக்காக ஒரு கொப்பை ஒடிக்கிறாள். வெட்டுவாயில் பால் பொங்கி முழங்கைவரை வழிகிறது. கண்ணில் பட்டுவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கொப்பு கனக்கிறது. இடுப்பில் வைத்துக்கொள்கிறாள்.

அது யாரை "அப்பா" என்று கூப்பிடும் என்பதில்தான் குழப்பம். மனை போட்டவன் என்றால் வாசகர் முன்பே ஊகித்துவிடுவார். கடன் வாங்கி ஐந்து சென்ட் வாங்கிய வாத்தியாரை வைக்கலாமா என்று பார்க்கிறேன். அவர் நல்ல மனிதர், அதனால் கதைக்குப் பொருத்தமாக இருப்பார்.