கிமோத்தோ சூடு ஒருவழியாகக் கைக்குப் படிந்தது

நேற்று ராத்திரி தாய்ஷிச்சி ஜுன்மாய் கிமோத்தோ என்ற சாக்கேயை (பழைய முறையில் வடிக்கும் ஜப்பானிய அரிசி மது) சூடாக்கி, மிசோவில் (ஜப்பானிய சோயா விழுது) வேகவைத்த கானாங்கெளுத்தியோடு குடித்தேன், குவளையில் சரியாக 45 டிகிரி. இதற்காகத்தான் இவ்வளவு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மீன் கொழுப்பு நாக்கில் தங்கவே இல்லை, மிசோவின் உப்பும் இனிப்பும் மட்டும் நின்றன. கவிச்சியும் கிடையாது. வைனோடு மீன் சாப்பிட்டால் வருகிற கவிச்சிக்கு வைனில் இருக்கும் இரும்பு ஒரு காரணம். சாக்கே தயாரிப்பவர்கள் இரும்புள்ள தண்ணீரைக் கிட்டவே சேர்ப்பதில்லை, நிறமும் மணமும் கெட்டுப்போகும்.

40 நுருகான், 45 ஜோகான், 50 அத்சுகான் என்று ஐந்தைந்து டிகிரிக்கு ஜப்பானில் பெயர் வைத்திருப்பது சும்மா அலட்டல் இல்லை. இதே பாட்டில் 40இல் கொஞ்சம் மந்தம், பால் வாடை வேறு. 45 தொட்டதும் அந்தப் புளிப்பு உருண்டு திரண்டு வருகிறது. கிமோத்தோவில் லாக்டிக் அமிலத்தை வெளியிலிருந்து ஊற்றாமல் பாக்டீரியாவை வளரவிட்டே உண்டாக்குகிறார்கள், அந்தப் புளிப்புக்குச் சூடு ஒத்துப்போகும். ஆப்பிள், வாழைப்பழம் மணக்கும் தைகின்ஜோ என்ற உயர்ரக சாக்கேயிடம் இந்த வேலையைக் காட்டாதீர்கள், மணம் பறந்துவிடும். அது 10 டிகிரியிலேயே இருக்கட்டும்.

மைக்ரோவேவ் பேச்சே வேண்டாம். தொக்குரி என்ற சாக்கேக் குடுவையின் கழுத்து கொதிக்கும், அடி குளிர்ந்து கிடக்கும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, 180 மில்லி ஊற்றிய வெள்ளீயச் சிரோரியை (சாக்கே சூடாக்கும் பாத்திரம்) அந்த வெந்நீரில் கழுத்துவரை இறக்க வேண்டும். நம் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் இதே உலோகம்தான், அதனால் நேரே அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சூடு மளமளவென்று ஏறும், கண்ணை எடுக்கக் கூடாது. இதில் பெரிய தொல்லை குவளை. தடித்த மண்குவளை ஊற்றிய மறுநொடியே நாலைந்து டிகிரியை விழுங்கிவிடுகிறது, சிரோரியில் தெர்மாமீட்டர் 45 காட்டி என்ன பிரயோஜனம்? அதனால் குவளைகளையும் அதே வெந்நீரில் முக்கி எடுத்துத் துடைத்துவிட்டு, சிரோரியை 47இல் தூக்கிவிடுகிறேன். போன மாதம் ஓர் இசகாயாவில் (ஜப்பானிய மதுக்கடை) அத்சுகான் கேட்டேன், எந்த சாக்கே என்று கேட்டதற்குப் பதிலே இல்லை, மெஷினிலிருந்து பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எரிச்சல்தான்.

பாட்டில் வாங்கியது எங்கள் தெருமுனைக் கடையில். அங்கே ஃப்ரிட்ஜ் பக்கம் கூட்டம் அலைமோதும். சூடாக்கத் தோதான சரக்கெல்லாம் வெளி அலமாரியில்தான், விலையும் குறைவு. அடுத்து ஜப்பானின் இஷிகாவா மாகாணத்துத் தெங்குமாய் யமஹாய் (கிமோத்தோ வழியில் வந்த இன்னொரு வகை சாக்கே), அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்தே ஆசை வந்துவிட்டது. குளிர்காலம் வரட்டும், புரி என்ற கடல்மீனும் முள்ளங்கியும் சேர்த்து வேகவைத்து அதோடு ஒரு கை பார்க்கலாம். அப்புறம், இந்த பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. அதை 55வரை ஏற்றி, தானாக ஆறவிட்டுக் குடித்தால் இன்னும் மென்மையாகும் என்று கடைக்காரர் சொல்கிறார், சனிக்கிழமை ஓதெனோடு (முள்ளங்கி, முட்டை எல்லாம் போட்டு வேகவைக்கும் ஜப்பானியக் குழம்பு) பார்த்துவிட வேண்டியதுதான்.