ஃபைல் மேல போயிட்டுது

திருகோணமலைக் கந்தோர்களில் எரிச்சலூட்டும் வசனங்களுக்குப் போட்டி வைத்தால் முதலிடம் இதற்குத்தான். மாடியே இல்லாத கந்தோரிலும் ஃபைல் மேலேதான் போகும். மூதூரில் காலமை பஸ் பிடித்து, இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றவர் இதைக் கேட்டதும் தன்னையறியாமல் கூரையைப் பார்ப்பார்.

யார் கொண்டுபோனது, எந்த மேசைக்கு, என்ன திகதி? ஒன்றும் வசனத்துக்குள் கிடையாது. ஃபைல் தானாகவே எழும்பி நடந்த மாதிரி. "எப்ப வரும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வந்தா சொல்லுவம்" என்பார்கள், உங்கள் போன் நம்பரை வாங்காமலே. கடிதத்தின் பதிவு இலக்கத்தையும், எந்தத் திகதியில் எந்தப் பதவிக்காரருக்குப் போனது என்பதையும் கேளுங்கள். பதில் பதிவேட்டில் இருப்பதால், யாராவது எழும்பிப் போய் அதைப் புரட்டித்தான் ஆகவேண்டும்.

அந்த இலக்கம் கையில் இருக்க, கடிதம் கொடுக்கும் அன்றே இரண்டு பிரதி கொண்டுபோக வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதி முத்திரையும் வாங்கியவரின் கையெழுத்தும் எடுத்துக்கொள்ளுங்கள். சனம் பிழைவிடுவது இங்கேதான்: இருந்த ஒரே மூலப்பிரதியை வாசலில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு, "ஐயாட்ட குடுங்கோ தம்பி" என்று வந்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் கிடைப்பது அடுத்த வசனம்: "அப்பிடி ஒரு கடிதம் இஞ்ச வரேல்லயே."

அதற்கும் மசியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தக் கந்தோரின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுத்தில் விண்ணப்பித்தால், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். விண்ணப்பத்தில் "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று எழுதாதீர்கள், அதற்கு அரைப் பக்கம் சமாளிப்புத்தான் வரும். "இன்ன இலக்கக் கடிதத்தின் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி" என்று கேளுங்கள். ஃபைலுக்குப் படியிறங்கத் தெரியும் என்பது அப்போதுதான் விளங்கும்.

"ஐயா ஃபீல்டுக்குப் போயிட்டார்" என்பதில் பாதி உண்மை இருக்கும். வடக்கே புல்மோட்டை, தெற்கே வெருகல் என்று நீண்டு கிடக்கிற மாவட்டம், போனால் லேசில் திரும்ப ஏலாது. "எந்தப் பக்கம் போனவர்?" என்று கேளுங்கள், ஊர்ப்பெயர் உடனே வந்தால் உண்மை. கந்தோரின் பொதுமக்கள் தினத்தில் ஃபீல்ட் குறைவு. வெள்ளி பின்னேரத்து ஃபீல்ட் அநேகமாகக் கொழும்பு பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கும்.

என்.ஜி.ஓ. பாஷை தனி ரகம். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தோடு சேர்ந்து கரையொதுங்கியது, அப்படியே தங்கிவிட்டது. "சமூக மட்டத்தில் பங்குபற்றல் அணுகுமுறையினூடாக நிலைபேறான வாழ்வாதார வலுவூட்டல்" என்று பதாகை தொங்கும். உள்ளே போனால் ஒரு கோழிக்கூடும் குஞ்சுகளும். கோழிக்கூடு நல்ல சாமான்தான், அதைக் கோழிக்கூடு என்று சொல்ல என்ன வெட்கமோ தெரியாது. கப்பாசிட்டி பில்டிங், அதாவது திறன் வளர்ப்பு என்றால் பத்தரைக்கு ரோல்சும் பிளேன்ரீயும், பிளிப்சார்ட்டில் குழுவேலை, மத்தியானம் சோற்றுப் பார்சல், இடையில் வரவுப் பட்டியலில் கையெழுத்து. அறிக்கை எழுதுகிறவர்களுக்கு ஒரு சோதனை: யாருக்கு, என்ன, எத்தனை என்ற மூன்றையும் வசனத்துக்குள் போட்டுப் பாருங்கள். போட இடமில்லாவிட்டால் வசனத்தை வெட்டுங்கள். எல்லாம் போட்டபிறகும் "வலுவூட்டல்" மிஞ்சி நின்றால், பாவம், அது ஒரு ஓரத்தில் இருக்கட்டும்.

மேசன் பாஸ்மாரின் "முடியட்டும்" இவற்றை விடப் பொல்லாதது. மே தொடங்கி செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளிக் ஹோட்டல் வேலை, "சீசன் முடியட்டும்." அது முடிய வடகீழ்ப் பருவக்காற்று, "மழை விடட்டும்." மழை விட்டால் தைப்பொங்கல், பிறகு சிவராத்திரி, பிறகு வருசப்பிறப்பு. நாட்காட்டியில் ஓட்டை கிடையாது, உங்கள் குசினிக் கூரையில்தான் கிடக்கிறது. மரக்கறி விலை மாதிரி இதிலும் பேரம் பேசலாம்: வேலையைத் துண்டாக்கி, "மூலை ஓடு மாத்த மட்டும் ஒரு அரை நாள்" என்று கேளுங்கள். முழு அட்வான்சையும் முன்னுக்கே கொடுத்தால் அந்த அரை நாளும் சீசனோடு சேர்ந்து போகும்.

"வந்துகொண்டிருக்கிறன், உப்புவெளி தாண்டிட்டன்" என்பவர் பெரும்பாலும் நிலாவெளியில் சேர்ட்டுக்குப் பட்டன் பூட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். "மான் நிக்குது" என்றால் டவுனுக்கு வந்துவிட்டார் என்று நம்பி எழும்பிவிடாதீர்கள். பிரட்றிக் கோட்டைப் பக்கம் மான் நிற்பது திருகோணமலையில் எல்லாருக்கும் தெரியும், நிலாவெளியில் நிற்பவருக்கும்.