சிறை வாசலிலிருந்து என் கடை வரை

இங்கிலாந்தில் பீற்றர்பறோ நகரில் நான் கடை நடத்திய காலத்தில், சிறையிலிருந்து அன்றுதான் வந்தவரைப் பையைப் பார்த்தே அறிந்துகொள்வேன். உள்ளே கிடக்கும் உடுப்பெல்லாம் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பை. 2009 இல் ஒரு வெள்ளிக்கிழமை அப்படி ஒரு பெடியன் வந்தான். வாசலில் கொடுத்தனுப்பிய 46 பவுணில் சிகரெட் வாங்கிவிட்டு, "போனைக் கொஞ்சம் சார்ஜ் போடலாமா?" என்று கேட்டான். முடியாது என்றுவிட்டேன். மூன்று வாரத்தில் என் கடையிலேயே சீஸும் இறைச்சியும் களவெடுத்துப் பிடிபட்டான். பொலிஸ், கோர்ட், மறுபடி உள்ளே.

கோபம் அடங்கிய பிறகுதான் கணக்குப் பார்த்தேன். இன்று இங்கிலாந்தில் ஓர் ஆளைச் சிறையில் வைத்திருக்க வருடத்துக்கு 50,000 பவுணுக்கு மேல் செலவு. ஓராண்டுக்குக் குறைந்த தண்டனை என்றால், வெளியே வந்தபின் கவனிக்க அப்போது சட்டப்படி யாருமே இல்லை. களவு போன சரக்கும் என் காசு, சிறைச் செலவும் என் வரிக்காசு.

2010 இல் எங்கள் ஊர்ச் சிறையில்தான் உலகின் முதல் 'சோஷல் இம்பாக்ட் பாண்ட்' தொடங்கியது; அதாவது முதலீட்டாளர் காசில் சமூக வேலை நடக்கும், பலன் கிடைத்தால்தான் அரசு அவர்களுக்குப் பணம் தரும். 17 முதலீட்டாளர்கள், 50 லட்சம் பவுண். அந்தக் காசில் ஆட்கள் சிறை வாசலுக்கே போய், குறுகிய தண்டனை முடித்து வருகிறவர்களைக் கூட்டிவந்து, அவர்களுக்குத் தங்க அறை, டாக்டர், வங்கிக் கணக்கு என்று அலைந்தார்கள். மற்றச் சிறைகளிலிருந்து வந்த அதேமாதிரி ஆட்களோடு ஒப்பிட, மறு தண்டனைகள் 7.5 வீதமாவது குறைந்தால்தான் போட்ட காசு திரும்பும். இல்லையென்றால் அரசு ஒரு சதமும் தராது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் எண்ணிய முறை. எத்தனை பேர் திருந்தினார்கள் என்றல்ல, எத்தனை தடவை தண்டிக்கப்பட்டார்கள் என்று எண்ணினார்கள். வருடத்தில் பத்துத் தடவை மாட்டுகிறவன் நாலு தடவையாகக் குறைந்தாலும் கணக்கில் வரும். அதனால் கஷ்டமான ஆளைக் கைவிட வேண்டியதில்லை.

2017 இல் முடிவு வந்தது: 9 வீதம் குறைவு. முதலீட்டாளர்களுக்குப் போட்ட காசும், வருடத்துக்கு 3 வீதத்துக்குச் சற்று மேல் இலாபமும் கிடைத்தன. ஆனால் அதற்கு முன்பே, விடுதலையானவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தைத் துறையை நாடு முழுக்க மாற்றியமைக்கிறோம் என்று, குழுகுழுவாக நடந்த இந்தத் திட்டத்தை மூன்றாவது குழுவுக்கு அரசு நிறுத்திவிட்டது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2011 இல் அந்தப் பெடியனை மறுபடி கண்டேன். அதே மாதிரிப் பை. ஆனால் கூடவே அந்தத் திட்டத்தில் வேலை செய்த ஒரு அம்மா. பாலும் பாணும் வாங்கினார்கள். அவன் காசை எண்ணும்வரை, அவர் தன் கைப்பையிலிருந்து சார்ஜரை எடுத்து, "காரில் போட்டுக்கொள்" என்று நீட்டினார்.