வார்டோவிலிருந்து ஹம்மர்ஃபெஸ்ட்டுக்கு வான்வழியே எவ்வளவு தூரம்?

நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளை நம்பி 1980களிலிருந்து யாழ்ப்பாணத்தவர் பலர் அங்கே குடியேறினார்கள். எனக்கு வேலை கிடைத்தது கிழக்கு முனையிலுள்ள வார்டோவில். அக்கா குடும்பம் இருந்ததோ மேற்கே ஹம்மர்ஃபெஸ்ட்டில். "ஒரே மாகாணம்தானே தம்பி, சனி ஞாயிறில வந்திட்டுப் போகலாம்" என்றார் அத்தான்.

இரண்டு ஊர்களும் எழுபதாம் பாகை அட்சரேகைக்குச் சற்று மேலே, கிழக்கு மேற்காக ஏறத்தாழ ஏழரைப் பாகை இடைவெளியில் உள்ளன. யாழ்ப்பாணத்தின் அட்சரேகையில் இதே இடைவெளி 800 கிலோமீட்டரைத் தாண்டும். துருவத்தை அண்ட அண்டத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கிவிடுவதால் இங்கே அது 275 கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வார்டோ இஸ்தான்புலுக்கும் கிழக்கே இருக்கிறது என்பதைப் பலர் நம்பவே மாட்டார்கள்.

அந்தத் தூரத்தை நேராகப் பறந்தால் முக்கால் மணி நேரம் போதும். ஆனால் இக்கரையோர விமானங்கள் பேருந்தைப் போல ஊர் ஊராக இறங்கி ஏறுபவை. 1970களில் இங்கே பல ஊர்களில் அமைக்கப்பட்ட ஓடுபாதைகள் ஏறத்தாழ 800 மீட்டர் நீளமே கொண்டவை என்பதால், அவற்றில் இறங்கக்கூடிய டாஷ் 8 போன்ற, நாற்பது பேர்கூட அமர முடியாத சிறு விமானங்களே ஓடுகின்றன. ஒருமுறை வழியிலுள்ள மேஹாம்ன் என்ற ஊரில் நின்றபோது விமானத்தின் கதவே கீழே சாய்ந்து படிக்கட்டாக விரிய, பனித்தூள் உள்ளே இருக்கைவரை அடித்தது. இருவர் இறங்கினார்கள், பள்ளிப் பையோடு ஒரு சிறுமி தனியாக ஏறினாள், கதவு மறுபடி மேலெழுந்தது. பக்கக்காற்று மிகுந்தால் அந்த ஊரில் இறங்காமலே அடுத்த ஊருக்குப் போய்விடுவதும் உண்டு. அங்கே இறங்க வேண்டியவர்களின் பாடு அதன்பின் விமான நிறுவனத்தின் பொறுப்பு.

தரைவழி இதைவிட மோசம். குடாக்களைச் சுற்றிச் செல்லும் சாலை ஏறத்தாழ இரட்டிப்புத் தூரம். குளிர்காலத்தில் மலைப்பகுதிகளில் பனி அகற்றும் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள், புயல் என்றால் அதுவுமில்லை. வார்டோ ஒரு தீவு என்பதால், பெருநிலத்திலுள்ள அதன் விமான நிலையத்துக்குப் போகவே கடலுக்கடியில் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான சுரங்கப்பாதையைக் கடக்க வேண்டும்.

ஆகவே தை, மாசி மாதங்களில் நான் கரையோர ஊர்களை இணைக்கும் ஹுர்திரூத்தன் பயணிகள் கப்பலையே நாடுவேன். மாலையில் வார்டோவில் ஏறினால் மறுநாள் நண்பகலுக்கு முன் ஹம்மர்ஃபெஸ்ட். அத்தான் சொன்ன சனி ஞாயிறு அதற்குப் போதாது; வெள்ளியும் திங்களும் விடுப்பு எடுத்தாக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் வேலை ஒப்பந்தத்தில் அந்த விடுப்பைப் பற்றி முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.