ஏழு நிமிடப் பேய்ப்படமும் வீணாய்ப்போன இரண்டு இரவுகளும்

படம் முடிந்து, கல்லூரியில் திரையிட்டும் ஆயிற்று. ஆனாலும் படப்பிடிப்புக்குப் போன முதல் நாள் இரவை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கதை, நடிகர் தேர்வு, ஒத்திகை எல்லாம் இரண்டே வாரத்தில் முடிந்தன. நாங்கள் ஒன்பது பேர். படப்பிடிப்பு, யாரும் தங்காத பழைய விடுதிக் கட்டடத்தில். இரவு எட்டு மணிக்குச் சாமான்களோடு போய் நின்றோம். காவலாளி அண்ணன் டார்ச் அடித்து அனுமதிக் கடிதத்தைப் படித்தார். "இதுல தேதி மட்டும்தானே தம்பி இருக்கு? ஆறு மணிக்கு மேல யாரையும் விடக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நேரத்தைக் குறிப்பிடாமல் எழுதியது நான். பேய்ப்படம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்ட அலுவலகமும் கேட்கவில்லை. பதினொரு மணிவரை அங்கும் இங்கும் போன் அடித்துவிட்டுத் திரும்பினோம். கடிதத்தில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்த அறை, எத்தனை பேர், மின்சாரம் எடுக்கலாமா, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். வாயிலில் இருப்பவரிடம் ஒரு நகலை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் உள்ளே விட்டார்கள். இருட்டாகத் தெரிய வேண்டும் என்று ஒற்றை மெழுகுவத்தி, ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 12800. கேமராவின் குட்டித் திரையில் பிரமாதமாக இருந்தது. மறுநாள் கணினியில் போட்டால் சுவர் முழுக்கப் புள்ளிகள் மொய்க்கின்றன, முகம் சேறாகக் கிடக்கிறது. அந்தப் புள்ளிகளை (நாய்ஸ்) நீக்கும் மென்பொருளைப் போட்டதும் முகம் மெழுகு பொம்மை ஆகிவிட்டது. அந்த இரவும் போச்சு.

மூன்றாவது முறை ஜன்னலுக்கு வெளியே எல்.இ.டி. விளக்கை ஏற்றி நீல ஜெல் (ஒளிபுகும் நிறத்தாள்) போட்டோம். நடிகைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம், முகத்தில் பாதி நிழல், ஐ.எஸ்.ஓ. 800. இருட்டை எடிட்டிங்கில் வரவழைத்துக்கொண்டோம். தாழ்வார டியூப்லைட் மட்டும் திரையில் அலையடித்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஷட்டரை (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி வைத்து, நொடிக்கு 25 ஃப்ரேம் எடுத்ததும் அடங்கியது. போலி ரத்தம் காயக் காய நிறம் மாறும்; ஒவ்வொரு டேக் முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், அடுத்த ஷாட்டுக்கு அதைப் பார்த்துப் பூசலாம்.

எங்களைக் கரையேற்றியவள் ஒலிப்பதிவு பார்த்த தோழி. ஒவ்வொரு அறையிலும் எல்லோரையும் அசையாமல் நிற்க வைத்து, ஒரு நிமிடம் வெறும் அறையின் ஓசையைப் பதிவு செய்தாள். விடிவதற்குள் முடிக்க வேண்டுமே என்று நான் அவளிடம் சத்தம் போட்டேன். "அண்ணா, ஒரு நிமிஷம் பேசாம இருங்க" என்றாள். வசனங்களுக்கு நடுவே வெட்டிய இடங்களில் ஒலி பொத்தென்று விழாமல் காத்தது அந்தப் பதிவுதான்.

கடைசிக் காட்சிக்கு நான் பின்னணி இசை கேட்டேன். அவள் அதை எடுத்துவிட்டு, அந்த அறையோசையை மட்டும் மூன்று நொடி ஓடவிட்டாள். பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம். அது தன் வீட்டு அலமாரியில் மைக்கை ஒட்டி வைத்து அவளே பதிவு செய்தது.

திரையிடலில் தாழ்ப்பாள் விலகியதும் முன்வரிசையில் ஒரு பெண் வீலென்று கத்தினாள். இருட்டில் தோழி என் கையைக் கிள்ளினாள்.