நள்ளிரவு வெயிலை அளக்கும் ஊர்

நி-ஓலெசுண்டில் கப்பலை விட்டு இறங்குமுன்பே கைப்பேசியின் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைக்கச் சொல்லிவிட்டார்கள். விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்கும் ஆன்டெனாக்கள் இங்கே இருக்கின்றன. வட அட்சரேகை 79 பாகையை ஒட்டிய இந்தச் சிற்றூர், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது; முன்பு நிலக்கரிச் சுரங்க ஊர். 1962-இல் நேர்ந்த விபத்துக்குப் பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இன்று பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள். இந்தியாவின் ஹிமாத்ரியும் 2008 முதல் இங்கேதான்.

உடன் வந்தவர்கள் துருவப் பயணி அமுண்ட்செனின் ஆகாயக்கப்பலைக் கட்டிய கம்பத்தைப் பார்க்கப் போனார்கள். நான் பார்க்க வந்தது சூரியக் கதிர்வீச்சை அளக்கும் ஊரோரத்துக் கருவிகளை.

வெயிலை அளக்கும் பைரானோமீட்டர் உள்ளங்கையில் அடங்கும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குமிழ்கள், அடியில் மையைப் போல் கறுத்த ஒரு வட்டம். வெயில் பட்டதும் வட்டம் சூடேறும். கருவியின் உடல் அவ்வளவு சூடாகாது. அந்த வேறுபாட்டை உள்ளிருக்கும் தெர்மோபைல் என்ற வெப்ப உணரி மின்னழுத்தமாக்குகிறது. அடிப்படையில் இது வெப்பமானியின் வேலைதான். 19ஆம் நூற்றாண்டில் கரிபூசிய குமிழ் கொண்ட வெப்பமானியைக் காற்றில்லாத கண்ணாடிக்குள் அடைத்து, பக்கத்தில் பூசாத ஒன்றையும் வைத்து, இரண்டின் வித்தியாசத்தைக் குறித்தார்கள். கருவி மாறியது, யோசனை மாறவில்லை. அந்த எளிமை என்னைக் கட்டிப்போட்டுவிட்டது.

ஆனால் துருவத்தில் அதைக் காப்பாற்றுவது எளிதல்ல. தெளிந்த வானத்தின் கீழ் மேல்கண்ணாடி குளிர்ந்து, உள்ளிருக்கும் வட்டத்தின் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். வெயிலே இல்லாத இரவில் அளவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். உறைபனி படியாமலிருக்க அடியிலிருந்து ஒரு விசிறி ஓயாமல் காற்றை ஊதுகிறது. அப்படியும் ஆள் வந்து துடைத்தாக வேண்டும். நிலைய ஊழியர் ஒருவர் துணியால் குமிழை மெதுவாகச் சுற்றித் துடைத்ததைப் பார்த்தேன். துடைத்த இடத்தில் சூரியன் புள்ளியாக மின்னியது. ஜூனில் அது மறைவதேயில்லை, நள்ளிரவிலும் அடிவானுக்கு 12 பாகை மேலே நிற்கிறது.

இன்னொரு கருவி தரையை நோக்கிக் கவிழ்ந்திருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். பனி கரைந்ததும் அதே தரை பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். காற்றின் வெப்பநிலை மட்டும் தெரிந்தால் ஊர் சூடாகிறது என்று சொல்லலாம், அந்தச் சூடு எந்த வழியாக வருகிறது என்பதற்கு இந்த அளவுகள் வேண்டும். 1992 முதல் இங்கே இவற்றைப் பதிந்துவருகிறார்கள்.

போக நினைப்பவர்கள் ஜூனில் போங்கள். பனித்தரையும் கறுத்த தரையும் அருகருகே தெரியும். கருவிகளின் பக்கம் தனியாகப் போகாதீர்கள். பனிக்கரடி வரும் ஊர் அது. உங்கள் நிழல் விழுந்தாலும் அளவு கெட்டுவிடும்.