ஒண்ணுமில்ல, விடும்மா

வர்ற புதன்கிழமை எனக்கு இடது காதுல ஆபரேஷன். ஆறு வருஷமா தள்ளித் தள்ளிப் போட்டு இப்பத்தான் முடிவு பண்ணிருக்கேன். எப்படி முடிவு பண்ணுனேன்னு எழுதி வெச்சுரலாம்னு தோணுச்சு, ஏன்னா நான் தமிழ்ல தேடுனப்ப காது ஆபரேஷன்னாலே செவிப்பறைல ஓட்டை அடைக்கறது பத்திதான் வந்துச்சு, எனக்கு இருக்கறது அது இல்ல. காதுக்குள்ள இருக்கற ஒரு சின்ன எலும்பு அசையாம போயிருச்சு, ஓட்டோஸ்கிளீரோசிஸ்னு பேரு.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் செக்‌ஷன்ல இருக்கேன். எனக்குக் காது மந்தம்னு கம்பெனில ரொம்ப வருஷம் யாருக்குமே தெரியாது. ஓவர்லாக், ஃப்ளாட்லாக் தையல் மெஷின் எல்லாம் ஒண்ணா ஓடிட்டிருக்கற ஹால்ல யாரு என்ன சொன்னாலும் எனக்கு டக்குனு கேட்டுரும், மத்தவங்கதான் "என்னங்க்கா, என்னங்க்கா"ன்னு ரெண்டு தடவ கேப்பாங்க. ஆனா வீட்டுக்கு வந்து, ஃபேன் மட்டும் ஓடுற ரூம்ல எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே உக்காந்து பேசுனா கேக்காது. "கம்பெனில மட்டும் கேக்குது, நான் பேசுனா மட்டும் கேக்காதா"ன்னு அவரு கோவமாவே கேட்டிருக்கார், எனக்கும் அதுக்குப் பதில் தெரியல. அப்புறமா டாக்டர்தான் சொன்னார், இந்த வியாதி இருக்கறவங்களுக்கு இப்படி வர்றது உண்டு, மெஷின் சத்தத்துக்கு மேல எல்லாரும் குரல ஒசத்தித்தான் பேசுவாங்க, அந்த மெஷின் சத்தம் உங்களுக்குப் பாதிதான் கேக்குது, அதனால பேச்சு தனியா வந்து விழுதுன்னு. அத கேட்டுட்டு அன்னிக்கு வண்டில வர்ற வழி பூரா எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் பேசல.

இன்னொண்ணும் சொல்றேன், இது யாருக்காவது இருந்தா உடனே புரியும். என் குரல் எனக்கு ரொம்பச் சத்தமா கேக்கும், தலைக்குள்ள இருந்தே வர்ற மாதிரி. அதனால மெதுவாப் பேசுவேன், "ஏன் உள்ளுக்குள்ளயே பேசற"ன்னு கேப்பாங்க. முறுக்கு கடிச்சா அந்தச் சத்தத்துல வெளில இருந்து ஒரு வார்த்த கூட உள்ள வராது. விசேஷ வீடுகள்ல பலகாரத் தட்டு நீட்டுனா வேண்டாம்னுருவேன். ராத்திரில தூரத்துல எங்கியோ மோட்டார் ஓடற மாதிரி ஒரு எரைச்சல், அது நிக்கறதே இல்ல.

எங்கம்மாவுக்கும் இதேதான். நாப்பது வயசுக்குள்ளயே ரெண்டு காதும் போயிருச்சு. எங்க ஊர்ல அம்மா பேரச் சொன்னா நெறைய பேருக்குத் தெரியாது, செவிட்டு வீடுன்னு சொன்னாத்தான் வழி காட்டுவாங்க. போஸ்ட்மேன் உட்பட. நல்லெண்ணெயில பூண்டு போட்டுக் காய்ச்சி ஊத்துனது தவிர அம்மாவுக்கு யாரும் எந்த வைத்தியமும் பாக்கல. எனக்கு ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் காது கொறஞ்சப்ப நானும் மொதல்ல அதத்தான் பண்ணுனேன். அப்புறம் போன டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டு கொஞ்சம் அழுக்கு இருக்கு அவ்வளவுதான்னு சொட்டு மருந்து எழுதிக் குடுத்தார், மூணு வருஷம் அதுலயே போச்சு. இந்த வியாதில செவிப்பறை பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும், லைட் அடிச்சா ஒண்ணும் தெரியாது. காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்கற ஆடியோகிராம் டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும், அத அன்னிக்கே எடுக்கச் சொல்லிருக்கலாம்.

ஸ்கூல்ல படிச்சிருப்போம், நடுக்காதுல மூணு எலும்பு, சுத்தி, பட்டடை, அங்கவடி. அங்கவடிதான் நம்ம உடம்புலயே சின்ன எலும்பு, மூணு மில்லிமீட்டர் சொச்சம்தான். அது ஆடுனாத்தான் சத்தம் உள்காதுக்குப் போகும். எனக்கு அந்த எலும்போட அடியச் சுத்தி வேற எலும்பு வளந்து அது அசையாம கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. இதுதான் அந்த ஓட்டோஸ்கிளீரோசிஸ். குடும்பத்துல வரும், பொம்பளைங்களுக்குத்தான் அதிகம், பிரசவத்துக்கு அப்புறம் கூடிருச்சுன்னு சொல்றவங்க நெறைய பேருன்னும் டாக்டர் சொன்னார். அவர் ஒரு இரும்புக் கவைய (ட்யூனிங் ஃபோர்க்) டங்குனு தட்டி காதுக்கு முன்னாடி பிடிச்சார், லேசாத்தான் கேட்டுச்சு. அதையே காதுக்குப் பின்னாடி எலும்பு மேல வெச்சார், ங்ஙொய்ங்னு தலை பூரா கேட்டுச்சு. நரம்பு நல்லா இருக்கு, வழிதான் அடைச்சிருக்குன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னாடி இடது காது 40 டெசிபல்ல இருந்துச்சு, இப்ப 55, வலது 40. இந்த நம்பர் கூடக் கூட காது மந்தம் கூடுதுன்னு அர்த்தம். காதுக்குப் பின்னாடி எலும்பு வழியா சத்தம் குடுத்து எடுத்த கோடு மட்டும் இன்னும் 20 பக்கத்துலயே நிக்குது.

இந்த எலும்ப எடுத்துட்டு அதுக்குப் பதிலா டெஃப்லான் துண்டு வெக்கற ஆபரேஷன 1956லயே அமெரிக்காவுல ஜான் ஷே (John Shea)ங்கற ஒரு டாக்டர் பண்ணிருக்கார். இப்ப பெரும்பாலும் எலும்ப முழுசா எடுக்கறதில்ல, மேல் பாதிய மட்டும் எடுத்துட்டு அடித்தகட்டுல ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத ஓட்டை போட்டு சின்ன பிஸ்டன் ஒண்ணு மாட்டி விடறாங்க. 1956. எங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாடி. அம்மாவுக்கு காது போக ஆரம்பிச்சப்ப இந்த ஆபரேஷன் வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆகிருச்சு, எங்களுக்கு அத சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல. இத படிச்ச அன்னிக்கு எனக்கு அழுகை நிக்கல.

அப்ப ஏன் ஆறு வருஷம் பண்ணிக்கலன்னா, பயம்தான். பத்துல ஒம்போது பேருக்கு நல்லாக் கேக்கும், ஆனா நூத்துல ஒருத்தருக்கு அந்தக் காது மொத்தமாப் போயிரலாம், அப்புறம் காது மிஷின் வெச்சாலும் கேக்காதுன்னு டாக்டர் ஒளிக்காம சொன்னார். நூத்துக்கு ஒண்ணுன்னா மத்தவங்களுக்கு சின்ன நம்பர். எனக்கு அப்படி இல்லங்க. நூறு பீஸ் பாத்தா அதுல ஒண்ணு தையல் விட்டோ ஓட்டையோட வர்றத தெனமும் கைல எடுத்து ரிஜெக்ட் மூட்டைல போடறவ நான். அந்த ஒண்ணு நெசமாவே வரும்.

அதனால மொதல்ல ஹியரிங் எய்ட் பாத்தேன். பத்து நாள் ட்ரையல் குடுத்தாங்க. அத நான் கொற சொல்ல மாட்டேன், நல்லாவே கேட்டுச்சு, நரம்பு நல்லா இருக்கறவங்களுக்கு மிஷின் நல்லா வேல செய்யும், ஆபத்தும் இல்ல. ஆபரேஷனுக்குப் பயந்தா மிஷினாவது வெச்சுக்கங்க, சும்மா மட்டும் இருக்காதீங்க. ஆனா என் வேல பஞ்சு தூசிக்குள்ள, மார்ச் மாசம் வந்தா காதுக்குள்ள வேர்வை ஒழுகும், நாலாவது நாளே மிஷின்ல காதுக்குள்ள வெக்கற அச்சு பூரா பஞ்சு ஒட்டி அடைச்சுருச்சு. படுத்தா கீச்சுனு கத்தும், கழட்டி வெச்சுத்தான் தூங்கணும்.

கழட்டி வெச்ச ஒரு ராத்திரிதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுச்சு. கரன்ட் இல்ல. மூத்தவ ஒம்போதாவது படிக்கறா, அவளா வந்து என் பக்கத்துல படுத்துக்கிட்டு என்னமோ பேச ஆரம்பிச்சா. வெளிச்சம் இருந்தா வாயப் பாத்துப் பாதி புரிஞ்சுக்குவேன், இருட்டுல அதுவும் இல்ல. அவ மூச்சு என் தோள்ல படுது, அழுவற மாதிரி ஒரு குலுங்கல் தெரியுது, வார்த்த மட்டும் வரல. "என்ன கண்ணு"ன்னேன். திரும்ப சொன்னா. "கேக்கல கண்ணு, கொஞ்சம் சத்தமா சொல்லு"ன்னேன். பக்கத்துல தம்பி தூங்கறான், அத எப்படிச் சத்தமா சொல்லுவா. "ஒண்ணுமில்ல, விடும்மா"ன்னு திரும்பிப் படுத்துட்டா. அந்த வார்த்த மட்டும் கேட்டுச்சு. அவ என்ன சொன்னான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, அடுத்த நாள் கேட்டேன், சொல்லல. நானும் எங்கம்மாகிட்ட இதே வார்த்தயச் சொல்லித்தான் வளந்தேன், எத்தன தடவன்னு கணக்கே இல்ல.

நூத்துல ஒண்ணு வந்தா வரட்டும்னு துணிஞ்சதா நெனைக்காதீங்க, பயம் அப்படியேதான் இருக்கு. கேக்காம இருக்கறதுலயும் தெனமும் ஒண்ணு போயிட்டுத்தான் இருக்கு, அத மட்டும் நான் கணக்குல எடுக்காம இருந்திருக்கேன். மோசமான காதத்தான் மொதல்ல பண்ணுவாங்க, வலது காது அப்படியே இருக்கும், அதுக்கு மிஷின் வாங்கிக்கலாம்னு இருக்கேன். கொஞ்ச நாளைக்கு நாக்குல ஒரு பக்கம் ருசி மாறி இருக்கலாமாம், சுவை நரம்பு அந்த எலும்புகள ஒட்டித்தான் போகுது. தலசுத்தல் இருக்கும், மூக்கு சிந்தக்கூடாது, தும்மல் வந்தா வாயத் தொறந்து தும்மணும், வெயிட் தூக்கக்கூடாது. கம்பெனில ஒரு மாசம் லீவு சொல்லிட்டேன்.

போன வாரம் கடைசி செக்கப்புக்குப் போனப்ப அம்மாவையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். 67 வயசு, இனிமே என்ன கண்ணு எனக்குன்னு வரவே மாட்டேன்னாங்க. டாக்டர் அந்தக் கவையத் தட்டி அம்மா காதுக்கு முன்னாடி வெச்சார், அம்மா அவரோட சட்டைப் பாக்கெட்ட பாத்துட்டு சும்மா உக்காந்திருந்தாங்க. காதுக்குப் பின்னாடி வெச்சார். அம்மா சட்டுனு என் கையப் பிடிச்சுட்டாங்க. "என்னமோ வண்டு மாதிரி கேக்குது கண்ணு"ன்னாங்க. அவர் எடுத்ததும், இன்னொருக்கா வைங்கன்னு அவங்களே தலயத் திருப்பிக் காட்டுனாங்க. நரம்பும் கொஞ்சம் பழுதாகிருக்கு, மொதல்ல மிஷின் வெச்சுப் பாக்கலாம்னார். அவங்களுக்கு அடுத்த மாசம் ஏழாம் தேதி வரச் சொல்லிருக்காங்க, என் கட்டுப் பிரிச்சதும் நானே கூட்டிட்டுப் போறேன்.